வாரிவிட்டான் மடுவில் மிச்சம் விட்ட புல்

கடற்கரை மாவட்டம் ஒன்றில் எங்கள் மீன்வளத் துறையில் வேலை பார்க்கும் பெண் அதிகாரி ஒருவர் சென்ற மாதம் போனில் கூப்பிட்டார். அவர் பணியில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆகவே அவருக்கு என்மேல் இன்னும் மரியாதை இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் புல்வெளிகளைக் காப்பாற்றுவதுதான் இப்போது அவருடைய வேலையாம். புல் இருக்கும் இடத்தில் நங்கூரம் போடாதீர்கள், இழுவை வலை விடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாராம்.

"சார், எண்பதுகள்லயே தண்ணிக்கடியில இருக்கற புல்லை வெட்டக்கூடாதுன்னு ஃபைல்ல எழுதினவர் நீங்க ஒருத்தர்தான்னு சொல்றாங்க. அந்த அனுபவத்தை எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்."

தர்மபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

"ஆறு இருக்கே சார்" என்றார்.

இருக்கிறது. எழுதியதும் நான்தான். ஏன் எழுதினேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நான் ஒரு முன்னோடியாகவே இருந்து வந்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வருடம் நடந்தது. அதில் பதினைந்து நாள் கடற்கரையில். அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்றைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு ஆள் ஆழத்தில் பச்சைப் பசேலென்று வயல். பாலக்கோட்டுப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையை ஆகாயத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது. "இது பாசி இல்லை. வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. ஒரு காலத்தில் இதன் முன்னோர் கரையில் இருந்தார்கள். திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டார்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். ஏன் போனார்கள் என்று கேட்டேன். "கரை பிடிக்கவில்லை போல" என்றார். வேர் மணலைப் பிடித்து வைக்கும், இலை கலங்கலை வடிகட்டும், மீன்குஞ்சும் இறாலும் அதில் ஒளிந்து வளரும், கடல்பசு மேயும், புல் போனால் எல்லாம் போகும் என்று சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். தேர்வில் கேட்டார்கள். தேறினேன். தேறிய பிறகு மறப்பதற்குத் தடை ஏதும் இல்லாததால் மறந்தேன்.

தர்மபுரியில் ஆய்வாளராக வந்து சேர்ந்தபோது எனக்கு மேலே ஓர் உதவி இயக்குநர் இருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு கடிதத்தை மூன்று முறை படிப்பார்: முதல் முறை விஷயத்துக்காக, இரண்டாவது எழுத்துப்பிழைக்காக, மூன்றாவது யார் மாட்டுவார்கள் என்பதற்காக. பிடிக்காத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். அந்தச் சொல்லில் என்ன தப்பு என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கோபம் அதிகமானால் 'தம்பி' என்பார். அவர் என்னைத் தம்பி என்று அழைத்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவருக்குத் தமிழ் ஆர்வமும் உண்டு. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் பிரித்துப் பொருள் சொல்வார். இது ஒரு தீங்கற்ற பழக்கம் என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.

எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. நீர்நிலையின் பெயர், ஆழம், மீன் வகை, அதற்குக் கீழே 'களை: உண்டு / இல்லை'. தண்ணீருக்குள் பச்சையாக எது இருந்தாலும் அது களை. உண்டு என்று எழுதினால் அடுத்த கட்டத்தில் 'நீக்கப்பட்ட நாள்' கேட்கும். வேறு பதிலுக்கு அதில் இடம் இல்லை.

ஒகேனக்கல்லில் அருவிக்கு மேலே, கரையோரமாகக் கொஞ்சம் நடந்து, பிறகு பரிசலில் போனால் ஒரு மடு வரும். இப்போது அங்கே போகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பரிசல்காரர் மாதையன்தான் என்னை முதலில் கூட்டிப்போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், அரசாங்க ஆட்களிடம் பெரும்பாலும் மௌனம். அருவிச் சத்தம் காதை அடைத்துக்கொண்டே வந்தது. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் கதவைச் சாத்தியது போல நின்றுவிட்டது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. பங்குனிக்கு முந்தின மாதம், உச்சிவெயில். எனக்குக் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. காலையில் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று முடிவு செய்தேன்.

தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டு உண்டு. அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிக்க வேண்டும். அரசாங்கத் தட்டு வரவில்லை. வீட்டிலிருந்து எனாமல் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் கல் கட்டி, கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தேன். சாதாரணமாக ஆற்றில் நாலாவது ஐந்தாவது முடிச்சில் மறைந்துவிடும். அன்று பதினொரு முடிச்சு இறங்கி, புல்லின்மேல் போய் உட்கார்ந்தது, அப்போதும் தெரிந்தது. நான் சாப்பிடும் தட்டு அவ்வளவு ஆழத்திலிருந்து என்னைப் பார்த்தது.

மடு முழுக்கப் புல். ரிப்பன் மாதிரி, ஆள் உயரத்துக்கு. கடலில் பார்த்ததற்குப் பங்காளி முறை. ஒரே தாவரக் குடும்பம். ஆறு தெற்கே போகிறது. புல் அத்தனையும் வடக்கே சாய்ந்திருந்தது. ஓர் இழைகூடப் பிசகாமல், படிய வாரிய தலை போல. பாறையில் மோதிய நீர் அடியில் திரும்பி ஓடுகிறது, அதனால் சாய்கிறது என்பது விஞ்ஞானம். அதை மாதையனுக்கு விளக்கினேன்.

"சரிங்க" என்றார்.

"இந்த மடுவுக்கு என்ன பேரு?"

"வாரிவுட்டான் மடுங்க."

"யாரு வாரிவிட்டான்?"

"வுட்டான்னா வுட்டான். அவன் பேரு தெரிஞ்சி நீங்க என்னா மெமோ குடுக்கவா போறீங்க?"

"இங்கே வலை போடறதில்லையா?"

"குஞ்சு பூரா இங்கதானுங்க கெடக்குது. இங்க போட்டுட்டா அப்புறம் கீழ எதப் புடிக்கறது? அதுவும் இல்லாம…" துடுப்பை மடுவுக்குள் விடாமல், பாறையைக் கையால் தள்ளியே பரிசலைத் திருப்பினார்.

படிவத்தில் களை உண்டு என்று எழுதினேன். மடுவின் பெயரையும் எழுதினேன். உதவி இயக்குநர் மூன்று முறை படித்தார். புள்ளி வைக்கவில்லை. முகம் மலர்ந்தது.

"வாரிவிட்டான். காலை வாரிவிட்டான்! பார்த்தீங்களா ஆய்வாளர், அந்தக் காலத்துல பேரிலேயே எச்சரிக்கை வச்சிருக்காங்க. இறங்கறவன் காலை இந்தக் களை வாரிவிடுது."

"தலையை வாரிவிட்ட மாதிரி இருக்கறதால வந்த பேருங்க சார்."

"தண்ணிக்குள்ள யாருக்கய்யா தலை வாரறாங்க?"

சித்திரை விடுமுறைக்குக் கூட்டம் வருவதற்குள் புல்லை எடுக்கும்படி உத்தரவானது. ஒரே சொல், அதிகாரி காலை எடுத்துக்கொண்டார், மாதையன் தலையை எடுத்துக்கொண்டார், நான் உத்தரவை எடுத்துக்கொண்டேன்.

தர்மபுரியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரிடம், பரிசலிலிருந்து இழுக்கிற மாதிரி நீளமான பல் வைத்த வாரி ஒன்று அடித்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். ஆற்றில் புல் வாருவதற்கு என்றேன். "முள்ளு எடுக்கச் செஞ்சிருக்கேன், பொணம் எடுக்கச் செஞ்சிருக்கேன், புல்லு எடுக்கறது இதுதான் முதல் தடவை" என்றார்.

பன்னிரண்டு ஆள் வைத்து வேலை தொடங்கினோம். வேரோடு வரும்போது சிக்கெடுக்கிற தலைமுடி போலச் சத்தம் வந்தது. கரையில் குவித்த புல்லுக்குள் ஏதோ மினுங்கியது. பக்கத்தில் போனேன். குவியல் முழுக்க மீன்குஞ்சுகள், அரிசி அளவில், கண்ணைத் திறந்தபடி துள்ளிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் துள்ளல் நின்றது.

"சார்" என்றார் மாதையன். "ஒங்க ஆபீசு மீனுக்காகவா, மீனுக்கு எதிராவா?"

மூன்றாம் நாள் வாரியின் இரண்டு பல் உடைந்தது. பாறைக்குக் கீழே நாலு பரிசல் அகலத்துக்குப் புல் மிச்சம் இருந்தது. அங்கே ஆழம் அதிகம், எனக்குப் பசி அதைவிட அதிகம். 'பணி முழுமையாக முடிந்தது' என்று எழுதிவிட்டு மீன் வறுவல் சாப்பிடப் போனேன். பிற்காலத்தில் தொலைநோக்கு என்று புகழப்பட்டது இந்தச் சோம்பல்தான்.

அடுத்த வாரம் தட்டை இறக்கினேன். மூன்றாவது முடிச்சில் மறைந்தது. பிடிப்பதற்கு வேர் இல்லாமல் அடியில் இருந்த சேறு எழுந்துகொண்டே இருந்தது. மிச்சம் விட்ட புல் பட்டையின் மேல் மட்டும் தண்ணீர் ஜன்னல் திறந்தது போலத் தெளிவாக இருந்தது. இதற்கிடையில் பாறையில் வெள்ளை பெயின்டால் அம்புக்குறி போட்டு, குளிக்கும் இடம் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்.

சித்திரையில் இண்டூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெருமாள் என்று ஒரு விவசாயி, முப்பது வயதுக்குள், அவர் மனைவி சின்னப்பாப்பா, உறவினர்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கக் கூட்டமில்லாத இடம் தேடி, அம்புக்குறியைப் பார்த்து மடுவுக்கு வந்தார்கள். புல் அடர்ந்து கிடந்த வரைக்கும் அந்தத் தண்ணீரில் யாரும் கால் வைத்ததில்லை. பார்த்தாலே வைக்கத் தோன்றாது. இப்போது அது வெறும் தண்ணீர். பெருமாள் இறங்கினார், முங்கினார், எழவில்லை.

மற்றவர்கள் கீழே ஆற்றில் இரண்டு நாள் தேடினார்கள். உடல் எப்போதோ அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார்கள். சின்னப்பாப்பா மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கவர்மெண்டு ஆளுங்களா?"

"ஆமாம்மா."

"பொணம் கெடைக்கலன்னா செத்ததா எழுத மாட்டாங்களாம், ஏழு வருசம் காணாமப் போனவருன்னு வச்சிருப்பாங்களாம். போலீசுக்காரரு சொன்னாரு. நான் இப்ப எப்பிடிங்க வூட்டுக்குப் போறது? தாலிய வச்சிக்கிட்டா, கழட்டிட்டா? நீங்களே சொல்லுங்க."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகத்தில் இல்லாத வகையைச் சேர்ந்தது.

அன்று பிற்பகல் உதவி இயக்குநர் ஜீப்பில் வந்தார். பாறைக்குக் கீழே மிச்சமிருந்த புல்லை ஒரு பார்வை பார்த்தார். 'முழுமையாக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் மனத்தில் புள்ளி விழுவது எனக்குக் கேட்டது.

"தம்பி" என்றார். "நாளைக்குக் காலையில அதையும் வெட்டிடுங்க. அதுலதான் சிக்கியிருக்கும். வெட்டினா தானா வரும்."

அவர் போனதும் மாதையன் என்னிடம் வந்தார். "சார், வெட்டினீங்கன்னா அந்த எடமும் கலங்கிடும். சேறு படிய ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள ஆறு இழுத்துக்கிட்டுப் போயிடும், அந்தம்மாவுக்கு எலும்புகூடக் கெடைக்காது. வெட்டாம இருந்தா நாளைக்கு உச்சியில வெளிச்சம் நேரா எறங்கும். நானு பாத்துச் சொல்றேன்."

"உத்தரவு இருக்கே மாதையன்."

"ஒங்க உத்தரவாலதானுங்களே அவரு எறங்கினாரு."

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போன் செய்து, வாரியின் பல் உடைந்திருக்கிறது, பாய் பட்டறையில் கொடுத்திருக்கிறேன், ஒரு நாள் ஆகும் என்றேன். பல் உடைந்தது உண்மை. ஒட்டி வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. என் பணிக்காலத்தில் சொன்ன பொய்களில் ஒன்றுக்காவது காரணம் இருந்ததே என்று இப்போது தோன்றுகிறது.

உச்சிவேளையில், பயிற்சியில் பார்த்த மாதிரி நான் செய்து வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறினோம். சின்னப்பாப்பா எழுந்து வந்தார். வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாதையன், "ஏறும்மா. நடுவுல ஒக்காரு, அசையாத" என்றார்.

பாறைக்குக் கீழே போனதும் மறுபடி அந்த நிசப்தம். பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி நான் குனிவதற்குள் அந்தப் பெண் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். உள்ளே முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் திகில் இல்லை. கொஞ்சம் நிம்மதி இருந்தது போலக்கூட இருந்தது.

"அதா, அங்க" என்று விரலை நீட்டினார்.

நான் பார்த்தேன். பெருமாள் நின்றுகொண்டிருந்தார். நாலு நாள் ஆன உடல் மிதந்து எழப் பார்க்கும்; காலில் புல் சுற்றியிருந்தால் நின்ற வாக்கில் இருக்கும். இதுவும் விஞ்ஞானம். கைகள் கொஞ்சம் விலகி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, நீரோட்டத்துக்கு மெல்ல அசைந்துகொண்டிருந்தார். எண்ணெய் வைத்த தலைமுடி, சுற்றியிருந்த புல்லைப் போலவே, வடக்குப் பார்த்துப் படிந்திருந்தது.

மாதையன் நீண்ட மூங்கிலில் கொக்கியை மாட்டி இறக்கினார். கொக்கியின் கயிறு என் கையில். பெருமாளின் இடுப்புத் துண்டில் மாட்டியதும் இழுத்தேன். வரவில்லை. அந்தப் புல்லை நான் கையால் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். ஒற்றை விரலில் சுற்றி இழுத்தால் வந்துவிடும். ஆனால் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது, பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. மாதையன் தண்ணீரைப் பார்த்துக் குனிந்து, தாழ்ந்த குரலில், "பிடப்பா, பிடு" என்றார்.

எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. எப்போதும் சார் என்கிறவர், அவசரத்தில் 'பிடிப்பா' என்கிறாரே என்று. பிடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"பிடப்பா. சாக்கு, பிடு."

சட்டென்று கனம் விட்டது. புல் அறுபடும் அதிர்வு கயிற்றில் வரவில்லை. மறுமுனையில் யாரோ கையைத் தளர்த்தியது போல, ஒரேயடியாக. நான் பின்னால் விழுந்தேன். பெருமாள் மேலே வந்தார்.

கரையில் அவரைக் கிடத்தி, போலீசுக்குச் சொல்லி அனுப்பி, எல்லாம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் 'பிடு' என்றால் விடு. 'சாக்கு' என்றால் போதும். அவர் என்னைப் பிடிக்கச் சொல்லவே இல்லை.

"மாதையன், யாரை விடச் சொன்னீங்க?"

"கயித்தச் சொன்னங்க" என்றார், பீடியைப் பற்றவைத்தபடி. கயிற்றை நான் விட்டிருந்தால் உடல் போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

காரியம் முடிந்து இருபது நாள் கழித்து சின்னப்பாப்பா தர்மபுரியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இறந்ததாகச் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்றார். கழுத்து வெறுமையாக இருந்தது. மஞ்சள் பையிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"ஒங்களுக்கு இல்லீங்க. தண்ணிக்குள்ள எறங்கியிருந்த ஒங்க ஆளுக்கு."

"எந்த ஆளு?"

"அன்னிக்குப் பெட்டியில பாத்தனே. இவரு விழுந்துடாம பின்னாடி நின்னு தோளப் புடிச்சிக்கிட்டு இருந்தாரே. தலையகூட ஒதுக்கிவுட்டாருங்க. மொகந்தெரியல, புல்லு மறைச்சிக்கிச்சு. இவர ஒப்படைச்சவருக்குத் துணி எடுத்துத் தரணும்னு எங்க மாமியா சொன்னாங்க. அவருகிட்டக் குடுத்துடுங்க."

அன்று நாங்கள் தண்ணீருக்குள் யாரையும் இறக்கவில்லை. பரிசலில் மூன்று பேர், மூன்று பேரும் மேலேதான் இருந்தோம். கண்ணாடியில் மாதையனின் நிழல் விழுந்திருக்கலாம். நாலு நாள் சாப்பிடாத கண் எதையும் பார்க்கும். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன்.

"குடுத்துடறேம்மா" என்றேன்.

வேட்டியை மாதையனிடம் எடுத்துப்போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் அதைத் தொடவில்லை. "எனக்குக் குடுத்தது இல்லீங்களே அது" என்றார். பிறகு பரிசலை எடுத்தார். பாறைக்குக் கீழே போய், வேட்டியில் ஒரு கல்லை முடிந்து, இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டார். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

மிச்சப் புல்லை வெட்டச் சொல்லி உதவி இயக்குநரிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றிலும் நான் தம்பி. பயிற்சிக் கால நோட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, வேர் மண்ணைப் பிடிக்கிறது, இலை கலங்கலை வடிகட்டுகிறது, புல் போனால் மீன் போகும் என்று நாலு பக்கம் எழுதினேன். படிவத்தில் 'களை' என்பதை அடித்துவிட்டு 'மீன்குஞ்சு வளரும் புல்வெளி' என்று எழுதினேன். அவர் ஒரு புள்ளிகூட வைக்காமல் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று தெரியவில்லை. அம்புக்குறியை நானே சுரண்டி அழித்தேன். மூன்று நான்கு வருடத்தில் அந்தப் பட்டையிலிருந்து வேர் ஓடி, மடு முழுக்கப் பழையபடி புல் வந்துவிட்டது. தண்ணீரும் தெளிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஓய்வு பெறும்வரை அந்த மடுவில் அரிவாளோடோ வாரியோடோ ஒருவரையும் இறங்க விடவில்லை. காரணம் கேட்டவர்களிடமெல்லாம் மீன்குஞ்சு என்றேன். மீன்குஞ்சும் உண்மைதான்.